கோடு வளைந்த இடம்

அனலைதீவிலிருந்து மேற்கே போகிற எந்தப் படகும் ஓரிடத்தில் இஞ்சின் சத்தத்தைக் குறைக்கும். கரையைத் திரும்பிப் பார்த்தால் கோயில் மணிக்கோபுரமும் அதற்குப் பின்னால் நிற்கிற ஒற்றைப் பனையும் ஒன்றையொன்று மறைக்கும். இடது கைப்பக்கம் காரைநகர் வெளிச்சவீடு எழுவைதீவின் முனையோடு வந்து ஒட்டும். இரண்டு நேரும் சந்திக்கிற அந்த இடத்தில் ஓட்டி கடல்நீரைத் தொட்டு நெற்றியில் வைப்பான். பிறகுதான் இஞ்சினை முறுக்குவான். அங்கே யாரும் வலை விடுவதில்லை, தூண்டில் போடுவதில்லை. அதற்குப் பெயர் குசன் இடம்.

அந்த இடத்தை ஊருக்குச் சொன்னவன் லவன். அது பொய் என்று தெரிந்தவனும் அவன் ஒருவன்தான்.

லவனும் குசனும் இரட்டையர். குசன் பத்து நிமிடம் மூத்தவன். அந்தப் பத்து நிமிடத்துக்காக லவன் அவனைக் கடைசிவரை அண்ணை என்றுதான் கூப்பிட்டான். தொண்ணூற்றெட்டாம் ஆண்டு இருவருக்கும் இருபத்தொரு வயது. குசன் கலியாணம் கட்டி எட்டு மாதம். அப்போது கடலுக்கு நேவி போட்ட எல்லை இருந்தது. காலையில் பாஸைக் காட்டிப் போக வேண்டும், பின்னேரம் பாஸைக் காட்டி வர வேண்டும், மிதவைகளுக்கு அப்பால் போகக் கூடாது. யாரும் போகாத அந்தக் கடலில் மீன் கிழடாகிச் சாகிறது என்று மீன்வாடியில் இருந்து பகிடி விடுவார்கள்.

வைகாசி மாதம் ஒருநாள் அவர்கள் அங்கே போனார்கள். வலை விட்டு முடியவில்லை, அந்த வருடத்தின் முதல் சோளகக் காற்று ஒரே அடியாக எழுந்தது. பின்பக்கத்தால் தண்ணீர் ஏறியது. வலை குசனின் காலில் சுற்றியிருந்தது. படகு இஞ்சினோடும் வலையோடும் இறங்கியபோது அவனும் இறங்கினான். லவன் மூன்று தரம் சுழியோடினான். நாலாம் தரம் மூச்சு வரவில்லை. நீரோட்டம் அவனை எல்லைக்கு உள்ளே கொண்டுவந்து போட்ட பிறகுதான் எழுவைதீவுப் படகொன்று தூக்கியது.

இறங்குதுறையில் அவனை இருத்தி, "எங்கயடா, எந்த நேர்?" என்று கேட்டார்கள். பாஸ் புத்தகத்தோடு நேவிக் காவலாளும் பக்கத்தில் நின்றான். சுற்றி நின்றவை ஐம்பது குடும்பத்து முகங்கள். எல்லை தாண்டினோம் என்று வாய் திறந்தால் நாளைக்கு இந்த ஐம்பது பேருக்கும் பாஸ் இல்லாமல் போகும் என்று லவன் நினைத்தான். "மணிக்கோபுரமும் ஒற்றைப்பனையும்" என்றான். "மற்றது வெளிச்சவீடும் எழுவைதீவு முனையும்."

சங்கு குளிக்கிற நாலு பேர் இரண்டு நாள் அங்கே தேடினார்கள். படகையும் காணவில்லை, ஆளையும் காணவில்லை. நீரோட்டம் கொண்டுபோயிருக்கும் என்று கரைக்கு வந்தார்கள். குசனின் மனைவி அம்பிகை முதல் வருடத் திவசத்துக்கு அங்கே பூப்போட்டாள். அதற்கடுத்த வருடமும் போட்டாள். இருபத்தாறு வருடமாகப் போடுகிறாள். ஒவ்வொரு தரமும் படகு ஓட்டிக் கொண்டுபோகிறவன் லவன்.

அவன் கலியாணம் கட்டவில்லை. தொழிலுக்குப் போய் வந்து, நல்ல மீனில் ஒன்றைத் தெரிந்து, பனையோலைப் பட்டையில் போட்டு அம்பிகை வீட்டுப் படலையில் கொழுவிவிடுவான். உள்ளே போவதில்லை. போனால் அவள் நிமிர்ந்து பார்ப்பாள். அவள் கண்ணுக்கு முன்னால் தன் புருஷனின் முகம் இவன் கழுத்தின் மேல் இருந்துகொண்டு கிழடாகி வருகிறது. அதை இரண்டு பேரும் ஒருநாளும் வாயால் சொன்னதில்லை.

*

விளையாட்டுக் கழகம் கொடுவா மீன் பிடிக்கிற போட்டியைத் தொடங்கி ஐந்து வருடம். சித்திரையில், சோளகம் பிறக்க முதல், இரண்டு நாள். கனடாவிலிருந்தும் சுவிசிலிருந்தும் வருகிற ஊர்ப் பிள்ளைகள் தூண்டில் போடுவார்கள். ஆளுக்கொரு ஊர் ஓட்டி படகு விடுவான். ஆகப் பாரமான ஒரு கொடுவா, அவ்வளவுதான். முதல் நாலு வருடத்தில் மூன்று தரம் வென்றது லவனின் படகு. எந்தக் கல்லில் எந்த நீரோட்டத்துக்குக் கொடுவா வந்து நிற்கும் என்பது அவன் தலைக்குள் இருந்தது. மேற்கே ஒரு துண்டுக் கடலைத் தவிர, மிச்சமெல்லாம் அவனுக்குத் தெரியும்.

இந்த வருடம் பதினொரு படகில் ஆறு படகுக்குத் திரை வந்துவிட்டது. முந்தியும் ஆழம் பார்க்கிற பெட்டி சிலரிடம் இருந்ததுதான். அது படகுக்கு நேர் கீழே இருப்பதை மட்டும் காட்டும், அதுவும் கடந்து போன பிறகு. இது அப்படியில்லை. அரை றாத்தல் பாண் அளவில் ஒரு கறுப்புத் துண்டு, ஒரு தடியின் நுனியில் தண்ணீருக்குள் நிற்கும். டோர்ச் அடிப்பதுபோல அதைத் திருப்பினால் நூறடிக்கு அப்பால் நிற்கிற மீன் இப்போது, இந்த நொடியில், வாலை ஆட்டுவது திரையில் தெரியும். போடுகிற தூண்டிலும் தெரியும். மீன் தூண்டிலைப் பார்த்து முகத்தைத் திருப்புவதும் தெரியும்.

திரையைப் போட்டிக்கு விடுவதா என்று கூட்டம் இழுபட்டது. மீன்பிடிச் சங்கத் தலைவர் வல்லிபுரம், எழுபது வயது, போட்டிக்கும் அவர்தான் தலைவர்.

"போட்டி ஆருக்கு வைக்கிறம்? ஆக்களுக்கோ, பற்றறிக்கோ?" என்றார். "அப்பிடியெண்டால் மீனுக்கும் ஒரு ரீவி வாங்கிக் குடுங்கோ. அதுவும் உங்களைப் பாத்துக்கொண்டு இருக்கட்டும்."

"அங்கயும் உதே சண்டைதான் ஐயா" என்றான் துஷ்யந்தன். ஒன்ராறியோவிலிருந்து வந்தவன், முப்பத்திநாலு வயது. அங்கே ஏரிகளில் பாஸ் என்கிற மீனுக்கு நடக்கிற போட்டிகளில் பரிசு எடுத்தவன். "ஒரு பகுதி தடை செய்யச் சொல்லுது. ஒரு பகுதி, இது இல்லாமல் போட்டிக்கு வாறதே வீண் எண்டுது. பெடியள் இப்ப தண்ணியைப் பாக்கிறேல்லை. நாள் முழுக்கக் குனிஞ்சபடி."

"அப்ப நீரும் குனிஞ்சுதான் வென்றனீரோ?"

"ஓம் ஐயா. கழுத்துநோவுக்கு மருந்து எடுக்கிறன்."

எல்லாரும் சிரித்தார்கள். சிரிப்பில் கோபம் ஆறி ஒரு விதி பிறந்தது. திரை வைத்த படகு நாளின் பெரிய மீனைப் பிடித்தால், பிடித்த இடத்துக்குப் பெட்டி காட்டுகிற இலக்கத்தை அன்றே பலகையில் எழுத வேண்டும். "மண்டைக்குள்ள இருக்கிற இடம் அவனவன்ர. பெட்டி கண்ட இடம் எல்லாருக்கும்" என்றார் வல்லிபுரம். அது ஆறாம் விதி. குசன் இடத்தில் தூண்டில் போடக் கூடாது என்பது முதல் வருடத்திலிருந்தே நாலாம் விதியாக இருந்தது.

சீட்டு எடுத்தபோது துஷ்யந்தன் தன் திரைப் பெட்டியோடு லவனின் படகுக்கு வந்தான்.

*

பழகுவதற்கு மூன்று நாள் கொடுத்திருந்தார்கள். முதல் நாள் குசன் இடத்தில் லவன் இஞ்சினைக் குறைத்து நீரைத் தொட்டான். துஷ்யந்தனும் தொட்டான். பிறகு, கெட்ட எண்ணம் எதுவும் இல்லாமல், தடியை அங்கும் இங்கும் திருப்பினான்.

"அண்ணை, இஞ்ச ஒண்டுமில்லை."

"என்ன?"

"வெறும் மணல். பாருங்கோ, மேசை மாதிரி. படகு உக்கினாலும் இஞ்சின் கிடக்க வேணுமே. இரும்பு எங்க போறது?"

"மணல் மூடியிருக்கும் தம்பி. கனகாலம்."

துஷ்யந்தன் தலையாட்டினான். ஆனால் தடியை இன்னும் ஒருதரம் மெதுவாகச் சுற்றினான். அந்தச் சுற்று முடிய முதல் லவன் இஞ்சினை முறுக்கிவிட்டான்.

மற்ற இரண்டு நாளும் அவன் வடக்கே கொண்டுபோனான், தெற்கே கொண்டுபோனான். நல்ல கல்லெல்லாம் காட்டினான். துஷ்யந்தன் திரையை அணைக்கிற நேரத்தில் அந்தக் கறுப்புக் கண்ணாடியில் ஒரு முகம் தெரியும். நரைத்த தாடி, தண்ணீரில் ஊறியதுபோல ஊதிய கண்மடல். தன் முகம்தான் என்று லவனுக்குத் தெரியும். என்றாலும் அந்தப் பக்கம் பார்க்காமல் இருக்கப் பழகிக்கொண்டான்.

போட்டி முதல்நாள் விடிய ஐந்தரைக்கு வெளிக்கிட்டார்கள். பத்து மணி வரை மூன்று சின்னக் கொடுவா. துஷ்யந்தன் தேநீர்ப் போத்தலைத் திறந்து ஆளுக்கொரு கோப்பை வார்த்தான். திரையில் எதையோ அழுத்திவிட்டு, "அண்ணை, கோவிக்கக் கூடாது. ஒண்டு காட்டட்டோ?" என்றான்.

திரையில் மீன் இல்லை. நீலத்தில் மஞ்சள் நூல் போட்டுத் தைத்ததுபோல் ஒரே கோடுகள்.

"மூண்டு நாளும் நாங்கள் ஓடின பாதை. பெட்டி தன்ர பாட்டில கீறி வைச்சிருக்கு. இதிலதான் கரை. இதில வடக்குக் கல்லு. இதைப் பாருங்கோ." மேற்கே ஓரிடத்தில் விரலை வைத்தான். வடக்கிலிருந்து தெற்கே போன கோடு அங்கே வளைந்தது. தெற்கிலிருந்து திரும்பிய கோடும் வளைந்தது. மூன்று நாள் கோடுகளும் ஒன்றுக்கு மேல் ஒன்றாக வளைந்து, நடுவில் முட்டை வடிவில் ஒரு வெறும் நீலம் கிடந்தது. ஒரு கோடுகூட அதற்குள் போகவில்லை.

"நீங்கள் நேராப் போனால் அஞ்சு நிமிசம் மிச்சம். ஒருதரமும் போகேல்லை." துஷ்யந்தன் சிரித்தான். "எனக்கு விளங்கும் அண்ணை. நல்ல இடத்தை ஆர்தான் காட்டுவினம்? உங்கட கொடுவா உதுக்குள்ளதானே?"

லவன் அந்த வெறும் நீலத்தையே பார்த்தான். இருபத்தாறு வருடமாகத் தன் கை இஞ்சின் பிடியை அந்த இடத்தில் கொஞ்சம் வெளியே தள்ளுகிறது என்பது அவனுக்கே தெரியாது. கை தன் பாட்டில் செய்து வந்திருக்கிறது. தெரியாமல் அவன் ஒரு சவக்குழியைக் கடலில் கீறி முடித்திருந்தான்.

"அதுக்குள்ள போகேலாது தம்பி. கல்லு. அடி உடைஞ்சிடும்."

"ஆழம் அஞ்சு பாகம், முப்பதடி காட்டுது." துஷ்யந்தன் கோப்பையைக் கவிழ்த்து உதறினான். "என்னண்ணை, பயமோ?"

அந்தச் சொல் வேறு ஒரு வாயிலிருந்து, வேறு ஒரு காலையில் வந்ததுபோல் இருந்தது. அன்று அது யார் காதில் விழுந்ததோ அவன் பதில் சொல்லாமல் பிடியைத் திருப்பினான். இன்று லவனும் பதில் சொல்லவில்லை. பிடியைத் திருப்பினான்.

*

முதலில் மணல். பிறகு மணல் ஒரு பக்கம் தாழ்ந்தது. தாழ்ந்த இடத்தில் ஒரு கட்டி, மற்ற எல்லாவற்றையும் விட வெளிச்சமாக. அதிலிருந்து நீளமாக ஒரு வளைவு, பாதி மணலுக்குள்ளும் பாதி வெளியேயும். வளைவின் மேல் மீன்கள். ஏழு, எட்டு. எல்லாம் நீரோட்டத்துக்கு முகம் கொடுத்து, ஒரே பக்கம் பார்த்துக்கொண்டு, வீட்டு முற்றத்தில் நிற்கிற ஆட்கள்போல நின்றன. ஆகப் பெரியது வளைவின் நடுவில் தனியாக நின்றது.

"ஐயோ அண்ணை" என்று துஷ்யந்தன் மெல்லச் சொன்னான். "இதையோ ஒளிச்சு வைச்சனீங்கள்?"

அவன் பிளாஸ்டிக் மீனைக் கோத்து எறிந்தான். திரையில் அது ஒரு சின்னப் புள்ளியாக இறங்கியது. லவன் அந்தப் புள்ளியைப் பார்த்தான். அன்று அவன் சுழியோடிய வழியும் அதுதான். ஒரு பாகம், இரண்டு பாகம். அவன் மூன்றாம் பாகத்தில் திரும்பியிருந்தான். புள்ளி திரும்பவில்லை. பெரிய மீன் அசையவும் இல்லை, விலகவும் இல்லை. புள்ளி அதன் முகத்துக்கு முன்னால் நின்றபோது, யாரோ கூப்பிட்டு எழும்பியதுபோல மெதுவாக மேலே வந்து, வாயைத் திறந்தது.

தூண்டில் தண்டு வளைந்தது. கால்மணி நேரம் இழுபறி. தூக்குவலையைப் பிடித்திருந்தவன் லவன். வலை விளிம்பால் தூண்டில் நரம்பில் ஒரு தட்டுத் தட்டினால் மீன் போய்விடும்; யாருக்கும் தெரியாது. ஆனால் முப்பது வருடத் தொழில் செய்த கை, மீனின் தலை மேலே வந்ததும் வலையைக் கீழே கொடுத்துத் தூக்கிவிட்டது.

துஷ்யந்தன் இடத்தைச் சேமித்தான். பெட்டி பெயர் கேட்டது. இங்கிலீஷ் எழுத்தில் லவன் என்று அடித்தான்.

"கீழ கிடக்கிறது படகு மாதிரி இருக்கு அண்ணை."

"ஓம்" என்றான் லவன். படகைக் கரைப் பக்கம் திருப்பினான்.

*

சங்கத்துத் தராசில் நிறுப்பவள் அம்பிகை. பதினெட்டு வருடமாக அந்த வேலை. போட்டி நாளிலும் அவள்தான் நிறுத்துப் பலகையில் எழுதுவாள். மீனைக் கொழுவியதும் முள் பதினொரு கிலோவைத் தாண்டியது.

"பதினொண்டு நானூறு" என்றாள். "தராசு முறிஞ்சால் சங்கம்தான் புதுசு தரவேணும், சொல்லிப்போட்டன்."

கைதட்டினார்கள். ஆறாம் விதிப்படி துஷ்யந்தன் இலக்கங்களை வாசிக்க, அம்பிகை சோக்கால் எழுதினாள்.

"இடத்துக்குப் பேர் ஏதும் வைச்சனீரோ?"

"லவன்."

"பாத்தியே, கடலிலயும் காணி எழுதிப்போட்டான்" என்றார் வல்லிபுரம். சிரிப்பு. அம்பிகையும் சிரித்துக்கொண்டு இலக்கத்துக்குப் பக்கத்தில் லவன் என்று எழுதினாள். மற்றப் படகுக்காரர் கைபேசியை நீட்டிப் பலகையைப் படம் எடுக்கத் தொடங்கினார்கள். நாளைக்கு விடிய பத்துப் படகு அங்கே நிற்கும். பத்துப் புள்ளி அந்த வளைவுக்கு இறங்கும். ஏதாவது ஒரு தூண்டில் எதையாவது கொழுவிக்கொண்டு மேலே வரும்.

"அதை அழியுங்கோ மச்சாள்" என்றான் லவன்.

"ஏன்?"

"அங்க தூண்டில் போடக் கூடாது. அது நாலாம் விதிக்குள்ள வரும்."

முதலில் ஒருவருக்கும் விளங்கவில்லை. பிறகு வல்லிபுரத்துக்கு விளங்கியது. அவர் கைத்தடியை மற்றக் கைக்கு மாற்றினார். படம் எடுத்தவர்கள் கையைத் தாழ்த்தினார்கள். தராசில் மீன் மெல்லச் சுற்றியது.

"அண்ணையும் படகும் போனது எல்லைக்கு அங்கால" என்றான் லவன். "நேவிக்காரன் பாஸ் புத்தகத்தோட பக்கத்தில நிண்டவன். உள்ளுக்குள்ள எண்டு சொல்லிப்போட்டன். பிறகு சொல்ல ஏலாமல் போச்சு."

வல்லிபுரம் தொண்டையைச் செருமினார். "எங்களுக்காகத்தானே சொன்னனீ. அண்டைக்கு நீ உண்மை சொல்லியிருந்தால் இந்தக் கரையில அடுப்பு எரிஞ்சிராது. இதுக்குப் பிழை சொல்ல இஞ்ச ஒருத்தனும் இல்லை." பக்கத்தில் நின்றவர்கள் தலையாட்டினார்கள். ஒருவர் லவனின் தோளில் கை வைத்தார். அதோடு முடிந்திருக்கலாம். ஊர் வழி விட்டுவிட்டது.

அம்பிகை சோக்கைக் கீழே வைத்தாள். அவனைப் பார்த்தாள், அவனை என்றும் சொல்ல முடியாது, அந்த முகத்தை.

"எல்லை தாண்டேல்லை எண்டு எனக்கு அவர் சத்தியம் பண்ணித் தந்தவர்" என்றாள். "என்ர தலையில கை வைச்சு."

அவள் கேள்வி கேட்கவில்லை. லவன் பேசாமல் நின்றால் அது அப்படியே முடியும்: ஐம்பது குடும்பத்தைக் காப்பாற்றிய தம்பி, பெண்சாதியிடம் பொய்ச் சத்தியம் செய்து செத்த அண்ணன். தோளில் வைத்த கை இன்னும் தோளில் இருந்தது. அவன் அதை எடுத்துவிட்டான்.

"அண்ணை மாட்டன் எண்டவர்" என்றான். "ரெண்டு தரம் மாட்டன் எண்டவர். நான்தான் கேட்டனான்."

"என்ன கேட்டனீர்?"

"பெண்சாதிக்குப் பயமோ, நேவிக்குப் பயமோ எண்டு."

"அதுக்கு அவர் என்ன சொன்னவர்?"

"ஒண்டும் சொல்லேல்லை. பிடியைத் திருப்பினவர்."

அம்பிகை துணியை எடுத்துப் பலகையில் இருந்த பெயரைத் துடைத்தாள். இலக்கங்களைத் துடைக்க முன்னர் நிறை எழுதுகிற துண்டுப் புத்தகத்தில் ஒரு தாள் கிழித்து அவற்றைப் பார்த்து எழுதினாள். ஒவ்வொரு இலக்கமாக, பிழை வராமல், இரண்டு தரம் சரிபார்த்து. தாளை நாலாக மடித்துக் கைக்குள் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனாள். துஷ்யந்தன் மீனைத் தராசிலிருந்து இறக்கினான். எங்கே வைப்பதென்று தெரியாமல் குழந்தையைப்போல இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு நின்றான்.

*

இரண்டாம் நாள் போட்டி நடக்கவில்லை. துஷ்யந்தன் போகும்போது பெட்டியைச் சங்கத்துக்குக் கொடுத்துவிட்டுப் போனான்.

அடுத்த நாள் லவன் படலையில் கொழுவிய பட்டை பின்னேரம் வரை அப்படியே தொங்கியது. அதற்கடுத்த நாளும் தொங்கியது. பிறகு பூனை இழுத்துப்போட்டிருந்தது. அவன் கொழுவுவதை நிறுத்தவில்லை. அவள் எடுக்கவும் இல்லை, வேண்டாம் என்று சொல்லி அனுப்பவும் இல்லை.

வைகாசியில் திவசம் வந்தது. லவன் விடியவே படகைக் கழுவித் துடைத்து, சாக்கு விரித்து, இறங்குதுறையில் நின்றான். அம்பிகை வெள்ளைச் சேலையில், பூத்தட்டோடு வந்தாள். அவனைக் கடந்து போனாள். வல்லிபுரத்தின் படகில் ஏறி இருந்தாள். வல்லிபுரம் அவனை ஒருதரம் பார்த்துவிட்டுக் கயிற்றை அவிழ்த்தார். படகின் நடுவில் பெட்டியின் திரை எரிந்துகொண்டிருந்தது. அம்பிகை மடித்த தாளை விரித்து அதற்குப் பக்கத்தில் வைத்து, காற்றுக்குப் பறக்காமல் விரலால் அழுத்திக்கொண்டாள்.

லவன் கரையில் நின்று பார்த்தான். அவன் கண் தன் பாட்டில் கோபுரத்தையும் பனையையும் தேடிப் பிடித்தது. படகு குசன் இடத்துக்கு வந்தது. இஞ்சின் சத்தம் குறையவில்லை. அதே வேகத்தில் கடந்து போனது. அவன் கை எப்போதும் வளைக்கிற இடம் வந்தது. படகு வளையவில்லை. நேரே உள்ளே போனது, சின்னதாகி, பிறகு நின்றது. சரியான இடத்தில்தான் நின்றது. ஒருவரும் அவனிடம் நேர் கேட்கவில்லை.

சத்தம் ஓய்ந்த கடலில் அவன் உதடு மெல்ல அசைந்தது. ஒரு பாகம், இரண்டு பாகம், மூன்று.